சிபியு 25 சதவீதம்தான், ஆனால் தளம் திணறுகிறது: ஜாங்கோ தளத்துக்குக் கண்காணிப்பை எப்படி அமைப்பது?

சரக்குத்தளம்
மொத்த வியாபாரிகள் ஆர்டர் போடும் தளம். ஒரே விர்ச்சுவல் சர்வர்: 4 கோர், 8 ஜிபி ராம், உபுண்டு. முன்னால் ரெக்வெஸ்டை வாங்கும் வெப் சர்வர் என்ஜின்எக்ஸ், பின்னால் பைதான் கோடை ஓட்டும் குனிகார்ன், அதில் சிங்க் வொர்க்கர் 5 (ஒவ்வொன்றும் ஒரு நேரத்தில் ஒரு ரெக்வெஸ்ட்). ஆப் பைதானின் ஜாங்கோ ஃபிரேம்வொர்க்கில். டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ் 15-உம் அதே சர்வரில்.

காலை 10 முதல் 12 வரை விநாடிக்கு 12 ரெக்வெஸ்ட் அளவில் வருகிறது. அந்த நேரத்தில் மட்டும் பக்கம் திறக்க 5 விநாடி ஆகிறது என்கிறார்கள். சிபியு 25 சதவீதத்தைத் தாண்டுவதில்லை. ஜாங்கோ மிடில்வேரில் (ஒவ்வொரு ரெக்வெஸ்டும் கடந்து போகும் இடைக் கோடு) எழுதி வைத்த லாக்கின்படி ஒரு நாளின் சராசரி 90 மில்லிவிநாடி. அளவுகளைச் சேகரிக்கும் ப்ரொமீதியஸ், சர்வரின் சிபியு, ராம் அளவுகளை அதற்குக் கொடுக்கும் நோட் எக்ஸ்போர்ட்டர், வரைபடம் காட்டும் கிராஃபானா மூன்றும் போட்டாயிற்று. டாஷ்போர்டு முழுக்கப் பச்சை. மாதச் சந்தா கட்டும் சேவைகளுக்கு இப்போதைக்குப் பட்ஜெட் இல்லை. அடுத்து எதை அளக்க வேண்டும்?

நூல்கண்டு
முதலில் அந்த 90 எங்கே அளக்கப்படுகிறது என்று பாருங்கள். மிடில்வேரின் கடிகாரம் ஓட ஆரம்பிப்பதே ஒரு வொர்க்கர் அந்த ரெக்வெஸ்டைக் கையில் எடுத்த பிறகுதான். ஐந்து வொர்க்கரும் வேலையாக இருந்தால் ஆறாவது ரெக்வெஸ்ட் கெர்னலின் சாக்கெட் வரிசையில் நிற்கும். குனிகார்னில் அந்த வரிசையின் இயல்பளவு 2048. அங்கே 4 விநாடி நின்றாலும் ஜாங்கோவுக்குத் தெரியாது. ரேஷன் கடையில் பில் போட ஒரு நிமிடம்தான் ஆகும், வரிசையில் நின்ற முக்கால் மணி நேரம் எந்தப் பில்லிலும் வராது.

ஆகவே அளவை ஒரு படி முன்னே, என்ஜின்எக்ஸுக்குக் கொண்டு போங்கள். அதன் வழக்கமான கம்பைண்டு லாக் வடிவத்தில் எவ்வளவு நேரம் ஆனது என்பதே கிடையாது. லாக் ஃபார்மட் வரியில் நான்கு மாறிகளைச் சேருங்கள் (அப்ஸ்ட்ரீம் என்றால் பின்னாலுள்ள குனிகார்ன்): ரெக்வெஸ்ட் டைம், அப்ஸ்ட்ரீம் கனெக்ட் டைம், அப்ஸ்ட்ரீம் ஹெடர் டைம், அப்ஸ்ட்ரீம் ரெஸ்பான்ஸ் டைம். படிக்கும் முறை இது:

கனெக்ட் டைம் பூஜ்யமாகத்தான் இருக்கும். அதைப் பார்த்து "வரிசை இல்லை" என்று முடிவு கட்டாதீர்கள். இணைப்பை ஏற்றுக்கொள்வது கெர்னல், குனிகார்ன் அல்ல. வரிசையில் நின்ற நேரம் ஹெடர் டைமில்தான் சேரும்.

ஹெடர் டைமிலிருந்து மிடில்வேர் நேரத்தைக் கழித்தால் ஏறக்குறைய வரிசை நேரம்.

ரெக்வெஸ்ட் டைம் பெரிதாகவும் அப்ஸ்ட்ரீம் நேரம் சிறிதாகவும் இருந்தால் தாமதம் வாடிக்கையாளரின் இணைப்பில். மெதுவான மொபைல் நெட்டில் படம் ஏற்றுகிறவர்களுக்கு இப்படி வரும். என்ஜின்எக்ஸ் முழு உடலையும் வாங்கி வைத்துக்கொண்டு பிறகே பின்னால் அனுப்புவதால் அந்த நேரம் அப்ஸ்ட்ரீம் கணக்கில் சேராது.

லாக்கை ஸ்கிரிப்ட் வைத்துப் பிரிக்கும்போது இரண்டு இடத்தில் உடையும். ஸ்டாட்டிக் கோப்புகளுக்கு அப்ஸ்ட்ரீம் மதிப்பு வெறும் கோடாக இருக்கும். ஒன்றுக்கு மேற்பட்ட அப்ஸ்ட்ரீமை முயன்றிருந்தால் காற்புள்ளி போட்டு இரண்டு மூன்று எண் வரும்.

வழங்கி_காவலன்
மேலே சொன்னதோட இதையும் போடுங்க. என்ஜின்எக்ஸ்ல ப்ராக்ஸி செட் ஹெடர் மூலமா எக்ஸ்-ரெக்வெஸ்ட்-ஸ்டார்ட்னு ஒரு ஹெடர், மதிப்பு எம்செக் மாறி (அந்த நொடியோட நேரம்). மிடில்வேர்ல முதல் வரியிலேயே இப்போதைய நேரத்துலேர்ந்து அதைக் கழிச்சு தனி ஹிஸ்டோகிராமா (எந்த நேர எல்லைக்குள்ள எத்தனைன்னு எண்ணி வெக்கறது) வெச்சுக்குங்க. லாக்கைப் பிரிச்சு மேய வேண்டாம், வரிசை நேரம் நேரடியா கிராஃபானாவுல வந்துடும். மிடில்வேர் பட்டியல்ல அதுதான் முதல்ல இருக்கணும், செஷன், ஆத் எல்லாத்துக்கும் மேல.

ஒரே சர்வர்ங்கறதால கடிகாரப் பிரச்சினை இல்லை. நாளைக்கு என்ஜின்எக்ஸைத் தனி சர்வருக்கு மாத்தினா ரெண்டுலயும் கடிகாரத்தை ஒத்திசைக்கற க்ரோனி ஓடணும். இல்லைன்னா வரிசை நேரம் மைனஸ்ல வரும். மைனஸ் வந்தா பூஜ்யமா மாத்திப் போடாதீங்க, தனி கவுன்ட்டர்ல எண்ணுங்க. கடிகாரம் விலகினது அப்பதான் தெரியும்.

சரக்குத்தளம்
இரண்டும் போட்டேன். காலை 11 மணிக்கு எடுத்த ஒரு வரி: ரெக்வெஸ்ட் டைம் 4.812, கனெக்ட் 0.000, ஹெடர் 4.809. மிடில்வேர் கணக்கு 0.071. நூல்கண்டு சொன்னதுதான்.

ஆனால் ப்ரொமீதியஸ் படிக்கும் மெட்ரிக்ஸ் பக்கத்தைத் திறந்து ரெஃப்ரெஷ் செய்தால் ஒவ்வொரு முறையும் எண் மாறுகிறது. 4,100 என்கிறது, அடுத்து 3,870, திரும்ப 4,103. எண்ணிக்கொண்டே போகும் கவுன்ட்டர் குறையலாமா?

குறியீட்டுக்காரி
குறையக் கூடாது. ஐந்து வொர்க்கரும் ஐந்து தனிப் ப்ராசஸ், ஒவ்வொன்றுக்கும் தனிக் கவுன்ட்டர். ப்ரொமீதியஸ் வந்து கேட்கும்போது எந்த வொர்க்கர் கையில் சிக்குகிறதோ அதன் எண் போகிறது. எண் குறைந்ததைக் கண்டால் ப்ரொமீதியஸின் ரேட் ஃபங்ஷன் (விநாடிக்கு எவ்வளவு ஏறியது என்று கணக்கிடுவது) "சர்வர் ரீஸ்டார்ட் ஆகிவிட்டது" என்று எடுத்துக்கொண்டு புது மதிப்பு முழுவதையும் கூட்டிவிடும். அதனால் வரைபடத்தில் இல்லாத மலைகள் முளைக்கும்.

பைதான் ப்ரொமீதியஸ் லைப்ரரியில் மல்டிப்ராசஸ் முறை இருக்கிறது. ப்ரொமீதியஸ் மல்டிப்ராக் டிர் என்ற சூழல் மாறியில் ஒரு கோப்புறையைக் காட்டுங்கள். அதைப் பைதான் கோடுக்குள் செட் செய்யாதீர்கள், சிஸ்டம்டி சர்வீஸ் கோப்பில் வையுங்கள், ஏனென்றால் லைப்ரரி இம்போர்ட் ஆகும் முன்பே அது இருந்தாக வேண்டும். கோப்புறை ராமிலேயே இருக்கும் டெம்ப்எஃப்எஸ்ஸில் இருப்பது நல்லது. சர்வீஸ் தொடங்கும் முன் அதைக் காலி செய்ய எக்ஸெக்-ஸ்டார்ட்-ப்ரீ வரி ஒன்று. ஓடிக்கொண்டிருக்கும்போது கை வைக்க வேண்டாம். செத்த வொர்க்கரின் கவுன்ட்டர் கோப்பும் கூட்டலில் சேர வேண்டியதுதான், அதை அழித்தால் கவுன்ட்டர் மறுபடி சரியும்.

குனிகார்ன் கான்ஃபிக்கில் சைல்ட் எக்ஸிட் ஹூக்கில் மார்க் ப்ராசஸ் டெட் அழையுங்கள். அது உயிரோடிருக்கும் வொர்க்கர்களை மட்டும் எண்ணும் கேஜ் (ஏறி இறங்கும் அளவு) கோப்புகளை நீக்கும். கேஜ் எல்லாவற்றுக்கும் முறை சொல்ல வேண்டும். "இப்போது எத்தனை ரெக்வெஸ்ட் கையில்" என்பதற்கு லைவ்சம். முறை சொல்லாமல் விட்டால் ஒவ்வொரு ப்ராசஸ் எண்ணுக்கும் (பிஐடி) ஒரு தொடர் உருவாகும், மேக்ஸ் ரெக்வெஸ்ட்ஸ் வைத்து வொர்க்கர்களைச் சுழற்றுகிறவர்களுக்கு அது குப்பையாகக் குவியும்.

இந்த முறையில் ப்ராசஸின் சிபியு, மெமரி மெட்ரிக்குகள் வராது. அதை ப்ராசஸ் எக்ஸ்போர்ட்டரிடம் விடுங்கள்.

சதமானம்99
ஹிஸ்டோகிராம் வைக்கும் முன் பக்கெட் (அது பிரித்து எண்ணும் நேர எல்லை) பற்றி ஒரு வார்த்தை. லைப்ரரியின் இயல்பு பக்கெட் 5 மில்லிவிநாடியில் தொடங்கி 10 விநாடியில் முடிகிறது. பி99 (100-இல் 99 ரெக்வெஸ்ட் இதற்குள் முடியும் என்ற நேரம்) வரைபடம் சரியாக 10-இல் தட்டையாக நின்றால் உங்கள் பி99 10 விநாடி என்று அர்த்தமில்லை. கடைசி பக்கெட்டுக்கு மேலே போய்விட்டது, 11-ஓ 29-ஓ தெரியாது என்று அர்த்தம். நடு பக்கெட்டுகளிலும் கணக்கு தோராயம்தான். 1-க்கும் 2.5-க்கும் நடுவில் எல்லாம் சமமாகப் பரவியிருக்கிறது என்று வைத்துக்கொண்டு நேர்கோட்டில் ஊகிக்கிறது. 1.1-இல் குவிந்திருந்தாலும் 2.4 என்று காட்டலாம்.

உங்கள் தளத்துக்கு நான் வைப்பது: 0.05, 0.1, 0.25, 0.5, 1, 2, 5, 10, 20, 30. மேல் எல்லை 30, காரணம் குனிகார்னின் இயல்பு டைம்அவுட் அதுதான். நீங்கள் வாக்குக் கொடுக்கப்போகும் எல்லை எதுவோ, உதாரணமாக 1 விநாடி, அது கட்டாயம் ஒரு பக்கெட் விளிம்பாக இருக்க வேண்டும். அப்போது "1 விநாடிக்குள் முடிந்தவை எத்தனை சதவீதம்" என்பதை ஊகமில்லாமல் எடுக்கலாம். அலர்ட்டுக்கு பி95-ஐவிட இந்த விகிதமே எனக்குப் பிடித்தது.

லேபிளில் (அளவைப் பிரித்துப் பார்க்க ஒட்டும் பெயர்) கை நீளக் கூடாது. பாதைக்கு முழு யுஆர்எல் வேண்டாம், ஜாங்கோவின் ரூட் வடிவம் போதும். எந்த ரூட்டிலும் சிக்காத 404 எல்லாம் "தெரியாதது" என்ற ஒரே பெயரில் போகட்டும். இல்லாவிட்டால் வேர்ட்பிரஸ் லாகின் பக்கத்தைத் தேடி வரும் பாட்கள் ஒவ்வொன்றும் உங்கள் ப்ரொமீதியஸில் புதுத் தொடர் திறக்கும்.

கணக்குப் போட்டே காட்டுகிறேன். 10 பக்கெட், முடிவிலி, கூட்டல், எண்ணிக்கை சேர்ந்து 13. 40 வியூ, 2 மெத்தட், 4 ஸ்டேட்டஸ் வகுப்பு என்றால் 4,160 தொடர். 15 விநாடிக்கு ஒரு முறை எடுத்தால் விநாடிக்கு 277 சாம்பிள். ஒரு சாம்பிளுக்கு 2 பைட், 30 நாள் சேமிப்பு: ஏறக்குறைய 1.4 ஜிபி. இதிலேயே வியாபாரி எண் என்று ஒரு லேபிள் சேர்த்து 1,000 வியாபாரிகள் இருந்தால் 41 லட்சம் தொடர். 8 ஜிபி ராமில் தளமும் சேர்ந்து விழும். யார் என்பது லாக்கில் இருக்கட்டும்.

சேமிப்பின் இயல்பு 15 நாள். மாத இறுதியோடு மாத இறுதியை ஒப்பிட வேண்டுமானால் ரிடென்ஷனை 40 நாளாவது வையுங்கள்.

பின்முனை
> சதமானம்99: அலர்ட்டுக்கு பி95-ஐவிட இந்த விகிதமே எனக்குப் பிடித்தது

ஒப்புக்கொள்கிறேன், ஆனால் இரவில் அதுவும் ஏமாற்றும். பகலில் 5 நிமிடத்துக்கு 3,600 ரெக்வெஸ்ட், அதில் பி99-க்கு மேல் 36 இருக்கும், பேசலாம். அதிகாலை 3 மணிக்கு 5 நிமிடத்தில் 20 ரெக்வெஸ்ட் வந்தால் பி99 என்பது அந்த 20-இல் மோசமான ஒன்று, அவ்வளவுதான். ஒரே ஒரு ரிப்போர்ட் பக்கத்துக்காக ஆளை எழுப்பும். அலர்ட் விதியிலேயே "விநாடிக்கு 1 ரெக்வெஸ்டுக்கு மேல் இருந்தால் மட்டும்" என்று ஒரு 'அண்ட்' சேருங்கள்.

குவெரி எழுதும் வரிசையும் முக்கியம். முதலில் ரேட், பிறகு எல்இ (பக்கெட் விளிம்பு) லேபிளை வைத்துக்கொண்டு கூட்டல், கடைசியில் ஹிஸ்டோகிராம் குவான்டைல். கூட்டிவிட்டு ரேட் எடுத்தால் ஒரு சர்வர் ரீஸ்டார்ட் ஆனது மொத்தத் தொகையில் மறைந்து, பொய்யான ஏற்றம் வரும். நாளை இரண்டாவது சர்வர் வந்த பிறகு இரண்டின் பி95-ஐக் கூட்டி இரண்டால் வகுக்கும் வேலையும் வேண்டாம். அப்படி வரும் எண்ணுக்குப் பொருளே இல்லை.

சரக்குத்தளம்
மல்டிப்ராசஸ், பக்கெட் இரண்டும் ஆயிற்று. வரிசை நேரத்தின் பி95 காலை 10:40-க்கு 4.6 விநாடி. "கையில் உள்ள ரெக்வெஸ்ட்" கேஜ் அந்த நேரம் முழுக்க 5-லேயே ஒட்டிக்கொண்டு நிற்கிறது. சரி, வொர்க்கர்கள் நிரம்பியிருக்கின்றன. சிபியு ஏன் 25? வொர்க்கரை 9 ஆக்கினால் போதுமா? இரண்டு மடங்கு கோர், கூட்டல் ஒன்று என்ற சூத்திரம்தானே குனிகார்ன் ஆவணத்தில் இருக்கிறது.

நூல்கண்டு
சூத்திரம் தொடக்கத்துக்கு. அதற்கு முன் பெருக்கிப் பாருங்கள். விநாடிக்கு 12 ரெக்வெஸ்ட், தலா 0.09 விநாடி: சராசரியாக 1.08 வொர்க்கர் போதும். 4 கோரில் 25 சதவீதம் என்பது ஒரு கோர். டேட்டாபேஸும் அதே சர்வரில் இருப்பதால் இரண்டு கணக்கும் ஏறக்குறைய ஒத்துப்போகிறது. மீதி நான்கு வொர்க்கரும் சிபியு தின்னாமல் எதற்கோ காத்திருக்கின்றன. 4 விநாடிக்கு ஒரு முறை மட்டும் வரும் ரெக்வெஸ்ட் ஒன்று 12 விநாடி பிடித்துக்கொண்டால் அதுவே 3 வொர்க்கர். நாள் முழுவதன் சராசரியில் இது கரைந்துவிடும். தவிர, 30 விநாடி டைம்அவுட்டில் குனிகார்ன் கொன்ற ரெக்வெஸ்ட் மிடில்வேர் லாக்கில் ஏறவே ஏறாது. மிக மெதுவானவை எல்லாம் கணக்கிலிருந்து விடுபட்டு, தப்பிப் பிழைத்தவற்றின் சராசரியைத்தான் பார்க்கிறீர்கள். குனிகார்ன் எரர் லாக்கில் வொர்க்கர் டைம்அவுட் என்று வருகிறதா? என்ஜின்எக்ஸ் பக்கம் 502, 499 எவ்வளவு? 499 என்பது வாடிக்கையாளர் பொறுமை இழந்து போய்விட்டார் என்பது. 5 என்று தொடங்காததால் பல டாஷ்போர்டுகள் அதைப் பிழையாக எண்ணுவதில்லை.

வழங்கி_காவலன்
யார் பிடிச்சு வெச்சிருக்காங்கன்னு பார்க்க பை-ஸ்பை போடுங்க, ஓடற பைதான் ப்ராசஸ் எந்த வரியில நிக்குதுன்னு அது காட்டும். கோடு மாத்த வேண்டாம், ரீஸ்டார்ட் வேண்டாம். நெருக்கடி நேரத்துல சூடோ போட்டு பை-ஸ்பை டம்ப், ஒவ்வொரு வொர்க்கரோட பிஐடிக்கும். பத்து விநாடி விட்டு இன்னொரு தடவை. ரெண்டு தடவையும் அதே வரியில நிக்கற வொர்க்கர்தான் குற்றவாளி. டாக்கருக்குள்ள ஓட்டினா பிட்ரேஸ் அனுமதி தனியா கொடுக்கணும்.

சரக்குத்தளம்
ஐந்தில் மூன்று வொர்க்கர் ஒரே இடத்தில்: ஆர்டர் உறுதியானதும் எஸ்எம்எஸ் அனுப்ப வெளிச் சேவையை அழைக்கும் வரி. பைதான் ரெக்வெஸ்ட்ஸ் லைப்ரரி, சாக்கெட் ரீடில் காத்திருக்கிறது. எரர் லாக்கில் வொர்க்கர் டைம்அவுட் நிறைய இருக்கிறது.

குறியீட்டுக்காரி
ரெக்வெஸ்ட்ஸ் லைப்ரரிக்கு இயல்பாக டைம்அவுட்டே கிடையாது. நீங்கள் சொல்லாவிட்டால் எதிர்முனை பேசும்வரை உட்கார்ந்திருக்கும். கனெக்டுக்கு 3, ரீடுக்கு 5 என்று இரண்டையும் கொடுங்கள். ரீட் டைம்அவுட் என்பது மொத்த நேரத்துக்கான எல்லை அல்ல, ஒரு பைட்டுக்கும் அடுத்த பைட்டுக்கும் நடுவிலுள்ள மௌனத்துக்கான எல்லை. சொட்டுச் சொட்டாகப் பதில் அனுப்பும் சர்வர் அதையும் தாண்டிப் பிடித்து வைக்கும்.

உண்மையான தீர்வு அந்த அழைப்பை, பின்னணியில் வேலைகளை ஓட்டும் செலரிக்கு மாற்றுவது. மாற்றியதும் கண்காணிப்பும் கூடவே இடம் மாற வேண்டும்: வரிசையில் எத்தனை, அதில் மிகப் பழையது எவ்வளவு நேரமாக நிற்கிறது. எண்ணிக்கையைவிட வயது முக்கியம். 500 செய்தி இருந்து ஒரு நிமிடத்தில் கரைந்தால் பரவாயில்லை. மூன்றே செய்தி அரை மணி நேரமாக நின்றால் செலரி செத்துக் கிடக்கிறது.

வெளி அழைப்பு ஒவ்வொன்றுக்கும் தனி ஹிஸ்டோகிராம் வையுங்கள். லேபிள் சேவையின் பெயரும் முடிவும் மட்டும்: சரி, பிழை, டைம்அவுட்.

வொர்க்கரை 9 ஆக்குவது தப்பில்லை, ஆனால் இதற்கு மருந்தாக அல்ல. அந்தச் சேவை இன்னும் மெதுவானால் 9-உம் நிரம்பும்.

தரவுக்கிணறு
டேட்டாபேஸ் பக்கம் யாரும் கேட்கவில்லையே. அந்த எஸ்எம்எஸ் அழைப்பு அடாமிக் பிளாக்குக்குள் (உள்ளே இருப்பது முழுவதும் ஒரே டேட்டாபேஸ் டிரான்ஸாக்‌ஷன்) இருக்கிறதா? அல்லது அடாமிக் ரெக்வெஸ்ட்ஸ் செட்டிங் ஆனில் இருக்கிறதா? இருந்தால் 12 விநாடியும் டிரான்ஸாக்‌ஷன் திறந்தே கிடக்கும், அது தொட்ட டேபிள் ரோக்களின் பூட்டும் கூடவே. அதே சரக்கின் இருப்பைக் குறைக்க வரும் அடுத்த ஆர்டர் அங்கே நிற்கும். போஸ்ட்கிரெஸின் பிஜி ஸ்டாட் ஆக்டிவிட்டி பட்டியலில் "ஐடில் இன் டிரான்ஸாக்‌ஷன்" என்று தெரியும். செலரிக்கு அனுப்புவதையும் ஆன்-கமிட் ஹூக்கில் அனுப்புங்கள். கமிட் ஆகும் முன் டாஸ்க் ஓடினால் ஆர்டரே டேபிளில் இருக்காது.

போஸ்ட்கிரெஸில் செய்ய வேண்டியது:

பிஜி ஸ்டாட் ஸ்டேட்மென்ட்ஸ்: எந்தக் குவெரி எத்தனை முறை, எவ்வளவு நேரம் ஓடியது என்ற கணக்கு. ஷேர்டு ப்ரீலோட் லைப்ரரிஸில் பெயரைச் சேர்த்து ரீஸ்டார்ட் செய்து, பிறகு டேட்டாபேஸுக்குள் கிரியேட் எக்ஸ்டென்ஷன். ரீலோட் மட்டும் செய்தால் போதாது. டோட்டல் எக்ஸெக் டைம் வரிசையில் பாருங்கள், மீன் (சராசரி) வரிசையில் அல்ல. 2 மில்லிவிநாடியே எடுக்கும் குவெரி ஒன்று நாளில் 40 லட்சம் முறை ஓடினால் மீன் பட்டியலில் அது தலைகாட்டாது. ஆனால் மொத்தத்தில் இரண்டேகால் மணி நேரத்தை விழுங்கியிருக்கும். செலக்ட் ரிலேடட் விட்டுப்போய் ஒவ்வொரு ரோவுக்கும் தனிக் குவெரி போடும் வியூக்கள் எல்லாம் இப்படித்தான் பிடிபடும். 13-ஆம் பதிப்புக்கு முன் அந்தப் பத்தியின் பெயர் டோட்டல் டைம் என்றிருந்தது. பழைய டாஷ்போர்டை இறக்கிப் போட்டால் பேனல் வெறுமையாக இருப்பதற்கு அதுவே காரணம்.

லாக் மின் டியூரேஷன் ஸ்டேட்மென்ட் 500 மில்லிவிநாடி, லாக் லாக் வெயிட்ஸ் ஆன். பூட்டுக்காக ஒரு விநாடிக்கு மேல் நின்றவை லாக்கில் வந்துவிடும், அந்த ஒரு விநாடி டெட்லாக் டைம்அவுட்டின் இயல்பு மதிப்பு. ஐடில் இன் டிரான்ஸாக்‌ஷன் செஷன் டைம்அவுட் இயல்பாக முடக்கப்பட்டிருக்கும், 60 விநாடி வையுங்கள்.

போஸ்ட்கிரெஸ் எக்ஸ்போர்ட்டருக்கு சூப்பர்யூசர் கொடுக்காதீர்கள். தனிப் பயனர், பிஜி மானிட்டர் ரோல், போதும்.

வழங்கி_காவலன்
அலர்ட் விஷயத்துக்கு வருவோம். சிபியு 80 தாண்டினா மெயில், ராம் 90 தாண்டினா மெயில்னு எல்லாரும் போடறதுதான் முதல்ல. அதைப் போடாதீங்க. இந்த இழையிலேயே பாருங்க, தளம் படுத்தப்போ சிபியு 25. ராத்திரி பேக்கப் ஓடறப்போ 95 இருக்கும், யாருக்கும் ஒண்ணும் ஆகாது. லோட் ஆவரேஜும் அப்படித்தான், லினக்ஸ்ல டிஸ்க்குக்குக் காத்திருக்கற ப்ராசஸும் அதுல சேரும்.

ஆளை எழுப்பறதுக்கு நாலு போதும்: வரிசை நேரம், பிழை விகிதம், 1 விநாடிக்குள் முடிஞ்ச விகிதம், வெளியிலேர்ந்து பார்த்தா தளம் திறக்குதா. டிஸ்க்குக்கு 80 சதவீதம்னு வைக்காம ப்ரெடிக்ட் லீனியர் வெச்சு "இதே வேகத்துல போனா 3 நாள்ல நிரம்பும்"னு டிக்கெட். எஸ்எஸ்எல் சான்றிதழ் முடிய 14 நாள் இருக்கறப்போ ஒரு டிக்கெட், தளத்தை வெளியிலேர்ந்து திறந்து பார்க்கற பிளாக்பாக்ஸ் எக்ஸ்போர்ட்டர் அந்தத் தேதியைக் கொடுக்கும்.

விர்ச்சுவல் சர்வர்ங்கறதால ஸ்டீல் டைம் (நம்ம சிபியு நேரத்தை ஹோஸ்ட் வேற யாருக்கோ கொடுத்தது) பேனல் ஒண்ணு வெச்சுக்குங்க. கிளவுடுல பர்ஸ்ட் வகை சர்வர்னா கிரெடிட் தீர்ந்ததும் சிபியு குறைவாத்தான் தெரியும், வேலை மட்டும் நகராது.

பின்முனை
பிழை விகிதத்துக்கு வெறும் எல்லை வைப்பதைவிட பட்ஜெட் எரியும் வேகத்தை வைக்கலாம். கூகுளின் எஸ்ஆர்இ (தள நம்பகத்தன்மை) குழு பரப்பிய முறை. 30 நாளில் 99.5 சதவீதம் நன்றாக ஓட வேண்டும் என்று முடிவு செய்தால் தவற விடக்கூடியது 0.5 சதவீதம், நேரமாகச் சொன்னால் 216 நிமிடம். 14.4 மடங்கு வேகத்தில் எரிந்தால், அதாவது பிழை 7.2 சதவீதத்துக்கு மேல், ஒரு மணி நேரத்தில் மாத பட்ஜெட்டில் 2 சதவீதம் போய்விடும்: எழுப்பு. 6 மடங்கு, அதாவது 3 சதவீதம், 6 மணி நேரம் நீடித்தால் 5 சதவீதம் போகும்: அதற்கும் எழுப்பு. முதலாவதுக்கு 1 மணி நேரத்தோடு 5 நிமிட சாளரத்தையும், இரண்டாவதுக்கு 6 மணி நேரத்தோடு 30 நிமிட சாளரத்தையும் சேர்த்து இரண்டும் மீறினால் மட்டும் அடிக்கச் சொல்லுங்கள். நீள சாளரம் மட்டும் இருந்தால் கோளாறு சரியான பிறகும் அலர்ட் ஓயாது.

இன்னொரு ஓட்டை. பிழைக் கவுன்ட்டர் முதல் பிழை வரும்வரை பிறக்கவே பிறக்காது. பிறக்கும்போதே 1 என்று பிறந்தால், முந்தைய மதிப்பு இல்லாததால் ரேட் அதை ஏற்றமாகவே எண்ணாது. ப்ராசஸ் தொடங்கும்போதே எதிர்பார்க்கும் லேபிள்களை எல்லாம் பூஜ்யத்தில் பிறக்க வையுங்கள்.

குறியீட்டுக்காரி
ப்ரொமீதியஸும் அதே சர்வரில்தானே? சர்வர் படுத்தால் அலர்ட்டை அனுப்பும் அலர்ட்மேனேஜரும் சேர்ந்து படுக்கும், மெயில் யார் அனுப்புவது? எப்போதும் எரிந்துகொண்டே இருக்கும் அலர்ட் ஒன்றை எழுதி, வெளியே உள்ள ஏதாவது ஹார்ட்பீட் சேவைக்கு 5 நிமிடத்துக்கொரு முறை போக விடுங்கள். அது வராமல் நின்றால் அங்கிருந்து அழைப்பு வரும். அலர்ட்மேனேஜரில் ரிப்பீட் இன்டர்வலின் இயல்பு 4 மணி நேரம் என்பதால் இந்த ஒரு அலர்ட்டுக்குத் தனி ரூட் வேண்டும். அந்த ரூட்டில் குரூப் இன்டர்வலையும் சேர்த்துக் குறையுங்கள், அது ரிப்பீட்டைவிடப் பெரிதாக இருந்தால் குறைத்த பலன் கிடைக்காது.

போர்ட்டுகள்: 9090 (ப்ரொமீதியஸ்), 9093 (அலர்ட்மேனேஜர்), 9100 (நோட் எக்ஸ்போர்ட்டர்), 9187 (போஸ்ட்கிரெஸ் எக்ஸ்போர்ட்டர்) எதுவும் வெளியே தெரியக் கூடாது. இயல்பாக இவற்றில் எதற்கும் பாஸ்வேர்டு இல்லை. டாக்கரில் ஓட்டுகிறவர்கள் கவனம், டாக்கர் திறக்கும் போர்ட் யுஎஃப்டபிள்யு ஃபயர்வால் விதிகளைத் தாண்டிப் போகும். 127.0.0.1-உடன் கட்டித்தான் திறக்க வேண்டும். ஜாங்கோவின் மெட்ரிக்ஸ் பாதைக்கு என்ஜின்எக்ஸில் டினை ஆல்.

தரவுக்கிணறு
ஓப்பன்டெலிமெட்ரி டிரேசிங் (ஒரு ரெக்வெஸ்ட் எந்தப் படியில் எவ்வளவு நேரம் நின்றது என்ற பதிவு) இப்போதே போடலாமா என்று அடுத்து கேட்பீர்கள். என் கருத்து: ஒரே சர்வர், ஒரே ஆப். வேண்டாம்.

சதமானம்99
எனக்கு உடன்பாடில்லை. டிரேஸ் இருந்திருந்தால் அந்த எஸ்எம்எஸ் அழைப்பு முதல் படத்திலேயே நீளக் கோடாகத் தெரிந்திருக்கும். பை-ஸ்பைக்குச் சரியான நேரத்தில் ஆள் உட்கார்ந்திருக்க வேண்டும்.

போடுவதானால் குனிகார்னில் ஒரு பொறி இருக்கிறது. ஸ்பான்களை (டிரேஸின் ஒவ்வொரு படி) சேர்த்து அனுப்பும் பேட்ச் ப்ராசஸர் ஒரு பின்னணித் த்ரெட். மாஸ்டரில் தொடங்கிவிட்டு ஃபோர்க் செய்தால் வொர்க்கர்களில் அந்த த்ரெட் இருப்பதை நம்ப முடியாது. எந்தப் பிழையும் காட்டாமல் ஒரு ஸ்பானும் வராமல் போகலாம். போஸ்ட் ஃபோர்க் ஹூக்கில்தான் தொடங்க வேண்டும். மாதிரி 5 சதவீதம் போதும், ஆனால் தொடக்கத்திலேயே குலுக்கிப் போட்டு எடுப்பதால் மெதுவானவை தவறும். மெதுவானவற்றையும் பிழைகளையும் மட்டும் வைத்துக்கொள்ள டிரேஸ்களைச் சேகரிக்கும் கலெக்டரில் டெய்ல் சாம்ப்ளிங் (முடிந்த பிறகு பார்த்துத் தேர்ந்தெடுப்பது) வேண்டும், அது ராம் கேட்கும். எஸ்கியூஎல் ஸ்பானில் வியாபாரியின் கைபேசி எண் போகிறதா என்று பார்த்துவிட்டுத் திறந்துவிடுங்கள்.

பின்முனை
ராம் கேட்கும் என்பதே தரவுக்கிணறு சொல்வதற்கும் காரணம். 8 ஜிபியில் போஸ்ட்கிரெஸ், ஜாங்கோ, ப்ரொமீதியஸ், அதன் மேல் கலெக்டரா? வெளி அழைப்பு ஹிஸ்டோகிராம் வந்துவிட்டதே, இப்போதைக்கு அது போதும்.

அதைவிட உலாவிப் பக்கம் பாருங்கள். சர்வர் 200 மில்லிவிநாடியில் பதில் கொடுத்தும் வியாபாரியின் கைபேசியில் படம் வர 6 விநாடி ஆகலாம். கூகுளின் எல்லைகள்: எல்சிபி (பக்கத்தின் பெரிய பகுதி தெரிய ஆகும் நேரம்) 2.5 விநாடி, ஐஎன்பி (தொட்டதற்குப் பக்கம் பதில் காட்டும் நேரம்) 200 மில்லிவிநாடி, சிஎல்எஸ் (பக்கம் இடம் மாறிக் குதிக்கும் அளவு) 0.1, மூன்றும் 75-ஆம் சதமானத்தில். ஐஎன்பி 2024 மார்ச்சில் எஃப்ஐடியின் (முதல் தொடுகையின் தாமதம்) இடத்துக்கு வந்தது, பழைய ஸ்கிரிப்ட் இருந்தால் மாற்றுங்கள். கூகுளின் சோதனைக் கருவி லைட்ஹவுஸின் மதிப்பெண்ணை வைத்து ஐஎன்பி தெரியாது, அங்கே விரல் வைத்துத் தொடுபவர் யாரும் இல்லை.

இவற்றை அளக்க வெப்-வைட்டல்ஸ் லைப்ரரி, பக்கம் மறையும்போது அனுப்ப சென்ட்பீக்கன். அன்லோட் நிகழ்வை நம்பாதீர்கள், கைபேசியில் பல சமயம் வராது. அந்த பீக்கனை ஜாங்கோவுக்கு அனுப்பி வொர்க்கரை வீணாக்க வேண்டாம். என்ஜின்எக்ஸில் தனி லொக்கேஷன், ரிட்டர்ன் 204, தனி லாக். மதிப்புகளை குவெரி ஸ்ட்ரிங்கில் அனுப்புங்கள், ரிட்டர்ன் போட்டால் உடலை என்ஜின்எக்ஸ் படிக்காது, லாக்கில் வெறுமையாக இருக்கும்.

சரக்குத்தளம்
எஸ்எம்எஸ் செலரிக்குப் போயிற்று, ஆன்-கமிட்டுடன். அடாமிக் ரெக்வெஸ்ட்ஸ் ஆனில்தான் இருந்தது. வொர்க்கர் இன்னும் 5-தான். காலை நெருக்கடியில் வரிசை நேர பி95 இப்போது 0.05 என்ற முதல் பக்கெட்டுக்குள். 1 விநாடிக்குள் முடிபவை 98.9 சதவீதம், மீதி பெரும்பாலும் ஸ்டாக் ரிப்போர்ட் பக்கம். அதற்கு ஸ்டேட்மென்ட்ஸ் பட்டியல் பார்க்கிறேன்.

ஒரு சின்னக் கேள்வி. ராம் மிச்சம் பிடிக்க ஸ்க்ரேப் இன்டர்வலை (ப்ரொமீதியஸ் அளவெடுக்கும் இடைவெளி) 15-லிருந்து 60 விநாடி ஆக்கினேன். கிராஃபானாவில் பாதி பேனல் "நோ டேட்டா". ப்ரொமீதியஸில் நேரடியாகக் கேட்டால் எண் இருக்கிறது.

பின்முனை
பேனலில் ரேட் சாளரம் 1 நிமிடம் என்று கையால் எழுதியிருப்பீர்கள். ரேட்டுக்குக் குறைந்தது இரண்டு புள்ளி வேண்டும், 60 விநாடி இடைவெளியில் 1 நிமிடத்துக்குள் பெரும்பாலும் ஒன்றுதான் விழும். சாளரம் ஸ்க்ரேப்பைப் போல 4 மடங்காவது இருக்கட்டும். கிராஃபானாவின் ரேட் இன்டர்வல் மாறியைப் போட்டால் அதுவே கணக்கிடும், ஆனால் டேட்டா சோர்ஸ் செட்டிங்கில் ஸ்க்ரேப் இன்டர்வலை 60 என்று மாற்ற வேண்டும். அங்கே இயல்பு 15, ப்ரொமீதியஸ் கான்ஃபிக்கை அது படிக்காது. அலர்ட் விதிகளில் 5 நிமிட சாளரம் உள்ளவை தப்பும், அதற்குக் கீழ் எழுதியவற்றை மாற்றுங்கள்.

உண்மையில் ராம்தான் கவலை என்றால் 15-க்கே திரும்புங்கள். ராமைத் தின்பது தொடர்களின் எண்ணிக்கை, இடைவெளி மிகக் கொஞ்சம்தான். நோட் எக்ஸ்போர்ட்டரில் உங்களுக்குத் தேவையில்லாத கலெக்டர்களை அணைத்தாலே அதைவிட அதிகம் மிச்சமாகும்.